அத்தியாயம் 6: மண்ணைத் தோண்டுமுன் பழைய பாலிசியைத் தேடுங்கள்

அமெரிக்காவில் ஒரு வணிகச் சொத்தின் அடியில் மண்ணோ நிலத்தடி நீரோ கெட்டிருப்பது தெரிய வந்தால், உரிமையாளர் முதலில் கூப்பிடுவது சுற்றுச்சூழல் பொறியாளரை, அடுத்து வக்கீலை. இருவருக்கும் பணம் கட்டிச் சேமிப்பு கரைந்து, வங்கிக் கடனும் ஏறி, சொத்தையே கைவிட்டுவிடலாமா என்று யோசிக்கும் கட்டத்தில்தான் பலருக்கு இன்சூரன்ஸ் நினைவுக்கு வருகிறது. அப்போதும் அவர்கள் எடுத்துப் பார்ப்பது நடப்பு ஆண்டின் பாலிசியை. அதில் மாசுக்குக் காப்பு கிடையாது என்று தெளிவாக அச்சிட்டிருக்கும். தேடல் அத்தோடு நின்றுவிடுகிறது. இந்த வரிசையைத் தலைகீழாக்க வேண்டும் என்பதே இந்த அத்தியாயத்தின் வாதம். அந்த இடத்தில் தொழில் செய்தவர்கள் 1986க்கு முன் எடுத்து வைத்த பொதுப் பொறுப்பு பாலிசிகள் பல இடங்களில் இன்னும் பணம் தரக் கடமைப்பட்டவை. அவற்றைத் தேடுவது முதல் வேலையாக இருக்க வேண்டும். மண்ணைத் தோண்டுவது அதற்குப் பின்னால் வரட்டும்.

முதலில் பொறுப்பு எவ்வளவு கனமானது என்பதைப் பார்ப்போம். நியூயார்க் மாநிலத்தின் நயாகரா ஃபால்ஸ் நகரில், ரசாயனக் கழிவைப் புதைத்த லவ் கேனால் பகுதியில் 1978இல் அவசரநிலை அறிவிக்கப்பட்டது. அந்த அதிர்ச்சியின் தொடர்ச்சியாக 1980 டிசம்பரில் வந்ததுதான் சூப்பர்ஃபண்ட் என்று எல்லோரும் அழைக்கும் கூட்டாட்சிச் சட்டம். மாசு யாருடைய கவனக்குறைவால் நேர்ந்தது என்று அது கேட்பதில்லை. இன்றைய உரிமையாளர், மாசு நடந்த காலத்து உரிமையாளர், தொழில் நடத்தியவர், கழிவை அனுப்பியவர், ஏற்றிச் சென்றவர் என எல்லோரையும் பொறுப்பாளியாக்குகிறது. சட்டம் பிறப்பதற்கு முன் நடந்த செயலுக்கும் அது பொருந்தும். பங்கைப் பிரித்துக் காட்ட முடியாத இடத்தில் ஒருவரிடமே முழுத் தொகையையும் கேட்கலாம். வாங்கும் முன் உரிய விசாரணை செய்தவர்களுக்கு 2002இல் வந்த திருத்தம் ஒரு பாதுகாப்பைத் தந்தது. ஆனால் பரம்பரையாகவோ பல பத்தாண்டுகளுக்கு முன்போ சொத்தைப் பெற்றவர்களுக்கு அது பெரும்பாலும் உதவாது.

உலர்சலவைக் கடையை எடுத்துக்கொண்டால் இது நன்றாக விளங்கும். கடைவீதி வளாகங்களில் மிகச் சாதாரணமாகக் காணப்படும் மாசு இதுதான். துணியில் எண்ணெய்க் கறையை எடுக்க அங்கே பல பத்தாண்டுகளாகப் பயன்பட்ட கரைப்பானின் பெயர் பெர்குளோரோஎத்திலீன். தொழிலில் இருப்பவர்கள் பெர்க் என்பார்கள். தண்ணீரைப் போல ஒன்றரை மடங்குக்கும் மேல் கனமானது. இயந்திரத்திலிருந்து சொட்டினால் கான்கிரீட் தரையின் விரிசலில் இறங்கும்; விரிசல் இல்லாவிட்டாலும் நாளடைவில் ஊடுருவும். கரைப்பானைப் பிரித்தெடுத்த பின் மிஞ்சும் நீரைச் சாக்கடைக் குழாயில் விடுவது அந்நாளில் சாதாரண வழக்கம். குழாயின் இணைப்புகள் வழியே அது மண்ணுக்குள் போனது. கலிபோர்னியாவின் மத்தியப் பள்ளத்தாக்கு நீர்த்தர வாரியம் 1992இல் வெளியிட்ட ஆய்வு, நிலத்தடி நீரில் பெர்க் கலந்ததற்குச் சலவைக் கடைகளும் அவற்றின் சாக்கடைக் குழாய்களும் முக்கியக் காரணம் என்று காட்டியது. மண்ணுக்குள் போன பெர்க் நீர்மட்டத்தில் மிதக்காமல் அதையும் தாண்டிக் கீழே அமிழ்ந்து, களிமண் அடுக்கின் மேல் தேங்கி, ஆண்டுக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைகிறது. குடிநீரில் அதற்குக் கூட்டாட்சி அனுமதிக்கும் உச்ச வரம்பு லிட்டருக்கு 5 மைக்ரோகிராம். இவ்வளவு குறைந்த அளவுக்கு நீரைத் திரும்பக் கொண்டுவருவது சிறு கடைக்காரரின் கைக்கு அடங்கும் செலவே இல்லை.

காலாவதியான பாலிசி எப்படி உயிரோடு இருக்கிறது?

இங்கே எழும் முதல் ஆட்சேபம் இயல்பானது: 1968ஆம் ஆண்டுப் பாலிசி 1969இல் முடிந்துபோயிற்று, அதைக் கொண்டு இன்று எப்படிக் கேட்பது? விடை அந்தப் பாலிசியின் அமைப்பிலேயே இருக்கிறது. இன்று பல தொழில்முறைப் பாலிசிகள், கோரிக்கை எந்த ஆண்டில் வருகிறதோ அந்த ஆண்டின் பாலிசியே பொறுப்பு என்ற முறையில் எழுதப்படுகின்றன. பழைய பொதுப் பொறுப்பு பாலிசி அப்படி எழுதப்பட்டதில்லை. பாலிசிக் காலத்துக்குள் பிறர் உடலுக்கோ சொத்துக்கோ சேதம் நேர்ந்திருந்தால் போதும். அதற்கான கோரிக்கை எத்தனை ஆண்டு கழித்து வந்தாலும் அந்தப் பாலிசிதான் பதில் சொல்ல வேண்டும். 1940களின் தொடக்கத்தில் வந்த பொதுப் படிவம் விபத்தை அடிப்படையாகக் கொண்டிருந்தது. 1966இல் திருத்திய படிவம், தொடர்ந்தோ திரும்பத் திரும்பவோ ஒரு நிலைமைக்கு ஆட்பட்டதால், எதிர்பாராமலும் நோக்கமில்லாமலும் விளைந்த சேதத்தையும் சேர்த்துக்கொண்டது. மெல்லக் கசியும் பெர்க் இந்த விவரிப்புக்குள் அப்படியே அடங்குகிறது. தாத்தா காலத்துக் கிரயப் பத்திரம் எழுதிய தேதி பழசு என்பதால் செல்லாமல் போவதில்லையே. இந்தப் பாலிசியும் அப்படித்தான்.

சேதம் ஒரே நாளில் நடந்து முடிவதில்லை என்பது அடுத்த சிக்கல். 1962இல் தொடங்கிய கசிவு 1989இல் கிணற்றில் தெரிந்தால் எந்த ஆண்டின் பாலிசி பணம் தர வேண்டும்? இந்தக் கேள்வி கல்நார் நோய் வழக்குகளில்தான் முதலில் கூர்மையாக எழுந்தது. 1981இல் கீன் நிறுவன வழக்கில் வாஷிங்டனிலுள்ள கூட்டாட்சி மேல்முறையீட்டு நீதிமன்றம், கல்நாருக்கு ஆட்பட்ட முதல் நாள் தொடங்கி நோய் வெளிப்படும் வரை நடப்பிலிருந்த எல்லாப் பாலிசிகளுமே பொறுப்பேற்க வேண்டும் என்றது. 1995இல் மான்ட்ரோஸ் கெமிக்கல் வழக்கில் கலிபோர்னியா உச்ச நீதிமன்றம், மாசு வழக்கிலும் இதையே ஏற்றது. இதன் நடைமுறைப் பயன் பெரிது. ஒரே ஒரு பழைய பாலிசி கிடைத்தாலும் கதவு திறக்கும். பத்து ஆண்டுகளுக்குக் கிடைத்தால் பத்துக் கதவுகள் திறக்கும்.

மாசுக்கு விலக்கு இருக்கிறதே என்ற ஆட்சேபம்

1970இலிருந்து பாலிசிகளோடு ஒரு பின்னிணைப்பு சேரத் தொடங்கியது. 1973இல் அது படிவத்துக்குள்ளேயே அச்சானது. மாசுக்குக் காப்பு இல்லை, ஆனால் கசிவு திடீரென்றும் தற்செயலாகவும் நேர்ந்திருந்தால் காப்பு உண்டு என்பது அதன் சாரம். 1985–86இல் இந்த விதிவிலக்கையும் எடுத்துவிட்டு, மாசை முழுமையாக விலக்கும் ஷரத்து வந்தது. ஆகவே பாலிசிகளை மூன்று அடுக்காகப் பிரித்துக்கொள்ள வேண்டும். 1970க்கு முற்பட்டவற்றில் பொதுவாக மாசு விலக்கே கிடையாது; அவை மிக வலுவானவை. 1970 முதல் 1985 வரையிலானவை வழக்குக்கு இடமளிப்பவை. 1986க்குப் பிற்பட்டவை பெரும்பாலான மாநிலங்களில் பயன்படாது. இந்தியானா போன்ற சில இடங்கள்தான் இதற்கு விதிவிலக்கு. அங்கே 1996இல் கைகர் என்ற பெட்ரோல் நிலைய வழக்கில், மாசு என்றால் எது என்பதே பாலிசியில் தெளிவாக இல்லை என்று மாநில உச்ச நீதிமன்றம் காப்பீட்டாளருக்கு எதிராகத் தீர்த்தது.

நடு அடுக்கில் எல்லாம் மாநிலத்தைப் பொறுத்தது. ‘திடீர்’ என்றால் ஒரு நொடியில் நடந்ததா, எதிர்பாராமல் நடந்ததா என்பதில் நீதிமன்றங்கள் இரண்டாகப் பிரிந்தன. ஜார்ஜியா உச்ச நீதிமன்றம் 1989இல் கிளாசன் வழக்கில் இரண்டு பொருளும் நியாயமானவையே என்று கூறி, ஐயத்தின் பயனைப் பாலிசிதாரருக்குக் கொடுத்தது. மாசசூசெட்ஸ் 1990இலும் மிச்சிகன் 1991இலும் நொடிப்பொழுது என்ற பொருளையே பிடித்துக்கொண்டன. அங்கே ஆண்டுக்கணக்கான மெல்லிய கசிவுக்கு நடு அடுக்குப் பாலிசியை நம்ப முடியாது. 1970க்கு முந்தையதைத் தேடியே ஆக வேண்டும். உங்கள் சொத்து எந்த மாநிலத்தில் இருக்கிறது, அந்தப் பாலிசி எந்த மாநிலத்தில் வழங்கப்பட்டது என்ற இரண்டையும் வக்கீலிடம் முதல் சந்திப்பிலேயே கேட்டுத் தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள்.

இது காப்பீட்டாளர்களுக்கு அநியாயம் என்பவர்களும் உண்டு. சூப்பர்ஃபண்ட் போன்ற சட்டம் வரும் என்று 1965இல் யாருக்கும் தெரியாது, அந்தப் பொறுப்புக்கு யாரும் பிரீமியம் கணக்கிடவில்லை என்பது அவர்கள் வாதம். இதைத் தட்டிக்கழிக்கக் கூடாது; காப்பீடு என்பதே கணக்கிட்ட ஆபத்தின் வணிகம். ஆனாலும் இரண்டு காரணங்களால் இந்த வாதம் நிற்கவில்லை. முதலாவது, பொதுப் பொறுப்பு பாலிசி விற்கப்பட்டதே இன்னதென்று முன்கூட்டிச் சொல்ல முடியாத பொறுப்புகளுக்காகத்தான். தெரிந்த ஆபத்தை மட்டும் காக்கும் பாலிசி என்றால் அதைப் பட்டியலிட்டு எழுதியிருப்பார்கள். இரண்டாவது, 1970இல் விலக்கு ஷரத்துக்கு மாநில ஒழுங்குமுறை அதிகாரிகளிடம் ஒப்புதல் கேட்டபோது காப்பீட்டுத் துறை என்ன சொன்னது என்பது பதிவில் இருக்கிறது. நியூஜெர்சி உச்ச நீதிமன்றம் 1993இல் மார்டன் நிறுவன வழக்கில் அந்தப் பதிவை விரிவாக ஆராய்ந்தது. இந்த ஷரத்து இருக்கும் காப்பைத் தெளிவுபடுத்துகிறது என்று மட்டும் சொல்லி, காப்பைக் குறைத்ததற்கு ஈடாகப் பிரீமியத்தைக் குறைக்காமல் ஒப்புதல் வாங்கிவிட்டு, பின்னாளில் அதே ஷரத்தைக் காட்டிக் கையை விரிப்பதை அனுமதிக்க முடியாது என்று தீர்ப்பளித்தது. பணம் வாங்கிக்கொண்டு கொடுத்த உறுதிமொழியை நிறைவேற்றச் சொல்வதில் அநியாயம் ஏதும் இல்லை.

பாலிசியே கையில் இல்லையென்றால்?

பெரும்பாலோர் சோர்ந்துபோவது இந்த இடத்தில்தான். ஐம்பது ஆண்டுக்கு முந்தைய காகிதத்தை யாரும் வைத்திருப்பதில்லை. ஆனால் பாலிசி தொலைந்தால் உரிமையும் தொலைந்தது என்று சட்டம் சொல்வதில்லை. கலிபோர்னியா உச்ச நீதிமன்றம் 2002இல் டார்ட் இண்டஸ்ட்ரீஸ் வழக்கில், பாலிசியின் சொற்களை எழுத்துக்கு எழுத்து நிரூபிக்கத் தேவையில்லை, அதன் முக்கிய நிபந்தனைகளின் சாரத்தை நிரூபித்தால் போதும் என்றது. நிரூபணத்தின் அளவும் சாதாரண சிவில் வழக்குக்குரியதே. அந்நாளைய பாலிசிகள் பொதுவான அச்சுப் படிவங்களில் வந்தவை என்பது இங்கே கைகொடுக்கிறது. எந்த நிறுவனம், எந்த ஆண்டு, என்ன எண், எவ்வளவு வரம்பு என்று காட்டிவிட்டால், உள்ளே இருந்த வாசகத்தை அந்த ஆண்டின் படிவத்தைக் கொண்டே நிறுவலாம். இந்தத் தேடலையே தொழிலாகச் செய்பவர்களை அமெரிக்காவில் காப்பீட்டுத் தொல்லியலாளர்கள் என்கிறார்கள். ஆனால் தேடலின் முதல் சுற்றை நீங்களே செய்ய முடியும்; செய்யவும் வேண்டும்.

எங்கே தேடுவது? காப்பீட்டைக் கட்டாயமாக்கிய மூன்றாம் தரப்பு யாராவது இருந்தார்களா என்பதிலிருந்து தொடங்குங்கள். வளாகச் சொந்தக்காரர் வாடகை ஒப்பந்தத்தில் பொறுப்புக் காப்பீடு எடுக்கச் சொல்லியிருப்பார். அதற்கு அத்தாட்சியாகக் காப்பீட்டுச் சான்றிதழ் ஒன்று அவருடைய கோப்பில் போயிருக்கும். கடன் கொடுத்த வங்கிக்கும், நகராட்சி உரிமத்துக்கும், மருத்துவமனை, ஹோட்டல், ராணுவ முகாம் ஆகியவற்றோடு செய்த சலவை ஒப்பந்தத்துக்கும் அதேபோன்ற சான்றிதழ் கொடுத்திருப்பார்கள். அந்த ஒற்றைப் பக்கத்தில் நிறுவனத்தின் பெயர், பாலிசி எண், தொடங்கி முடியும் தேதிகள், உடல் சேதத்துக்கும் சொத்துச் சேதத்துக்கும் தனித்தனி வரம்பு எல்லாம் தட்டச்சில் இருக்கும். பல வழக்குகளில் தீர்ப்பை மாற்ற அது ஒன்றே போதுமானது. அடுத்து கணக்குப் புத்தகங்கள். பழைய பேரேட்டில் முன்கூட்டிச் செலுத்திய காப்பீடு என்ற தலைப்பின் கீழ் நிறுவனத்தின் பெயரும் தொகையும் இருக்கும். பிரீமியம் கட்டிய காசோலையின் அடித்தாளில் பாலிசி எண்ணே எழுதியிருக்கலாம். கடையில் வழுக்கி விழுந்த வாடிக்கையாளர் ஒருவர் 1971இல் வழக்குப் போட்டிருந்தால், நீதிமன்றக் கோப்பில் காப்பீட்டாளரின் வக்கீல் பெயர் கிடைக்கும். அதே ஏஜென்ட் மூலம் தொழிலாளர் இழப்பீட்டுப் பாலிசியோ வாகனப் பாலிசியோ எடுத்திருந்தால் பொறுப்புப் பாலிசியும் பெரும்பாலும் அதே நிறுவனத்திடம் இருந்திருக்கும். ஏஜென்டின் அலுவலகம் கைமாறியிருந்தாலும், வாங்கியவரிடம் பழைய வாடிக்கையாளர் அட்டைகள் இருக்கக்கூடும். ஓய்வுபெற்ற கணக்கரையும் முன்னாள் உரிமையாளரின் வாரிசுகளையும் விட்டுவிடாதீர்கள். பழைய காகிதங்கள் பெரும்பாலும் வீட்டில்தான் கிடக்கின்றன.

நிறுவனத்தின் பெயர் கிடைத்துவிட்டால், அந்தப் பெயர் இன்று யாரிடம் இருக்கிறது என்று பார்க்க வேண்டும். ஏட்னாவின் சொத்து–விபத்துக் காப்பீட்டுப் பிரிவு 1996இல் டிராவலர்ஸிடம் போனது. கான்டினென்டல் இன்சூரன்ஸை 1995இல் சி.என்.ஏ. வாங்கியது. ரிலையன்ஸ் 2001இலும் ஹோம் இன்சூரன்ஸ் 2003இலும் கலைப்புக்கு உள்ளாயின. கலைக்கப்பட்ட நிறுவனத்திடம் கேட்பதற்குக் கெடு தேதி உண்டு. ஹோம் இன்சூரன்ஸுக்கு அது அடுத்த ஆண்டே முடிந்தது. மாநில உத்தரவாத நிதி சிலவற்றுக்குக் கைகொடுக்கும்; ஆனால் அதன் தொகைக்கு உச்சவரம்பு உண்டு. காப்பீட்டு நிறுவனமும் சாகக்கூடியது என்பதால்தான் தேடலைத் தள்ளிப்போடக் கூடாது என்கிறேன். ஓரிகான் மாநிலம் இதற்கென்றே தனிச் சட்டம் கொண்டுவந்தது. பாலிசி தொலைந்துவிட்டது என்று பாலிசிதாரர் தெரிவித்தால், காப்பீட்டாளர் தன் பதிவுகளை முழுமையாகத் தேடி, கிடைத்ததைத் தெரிவிக்க வேண்டும் என்பது அதில் உள்ள கடமை. உங்கள் மாநிலத்தில் இப்படியொரு சட்டம் உண்டா என்று விசாரியுங்கள்.

எதற்குப் பணம் கிடைக்கும், எவ்வளவு கிடைக்கும்?

பழைய பாலிசியில் இரண்டு உறுதிமொழிகள் உண்டு. ஒன்று, பாலிசிதாரர் சட்டப்படி கொடுக்க வேண்டிய நஷ்டஈட்டைக் கொடுப்பது. மற்றொன்று, அவர்மேல் வழக்கு வந்தால் தன் செலவில் நடத்திக் கொடுப்பது. இரண்டாவதன் மதிப்பைப் பலர் உணர்வதில்லை. 1960களின் சிறு கடைப் பாலிசியில் சொத்துச் சேத வரம்பு மிகச் சிறிய தொகையாக இருக்கலாம். ஆனால் வழக்குச் செலவு பொதுவாக அந்த வரம்புக்குள் அடங்காது, அதற்கு மேல் தனியாக வருவது. மாசு எங்கே, எவ்வளவு ஆழம், யாரால் என்று கண்டறிய ஆழ்துளை போட்டு ஆராய்வது பொறுப்பை எதிர்த்து வாதாடவும் தேவைப்படுகிறது. நியாயமும் அவசியமும் காட்டினால் அதையும் வழக்குச் செலவில் சேர்க்கலாம் என்று கலிபோர்னியா உச்ச நீதிமன்றம் 1997இல் ஏரோஜெட் வழக்கில் ஒப்புக்கொண்டது. பத்தாயிரம் டாலர் வரம்புள்ள பாலிசியைக் குப்பை என்று தூக்கிப் போடாதீர்கள். அதன் பின்னால் அதைவிடப் பல மடங்கு பெரிய வழக்குக் கடமை இருக்கக்கூடும்.

அரசு உத்தரவின் பேரில் செய்யும் சுத்திகரிப்பு நஷ்டஈடு ஆகுமா என்ற கேள்விக்கு, ஆகும் என்று கலிபோர்னியா 1990இல் ஏ.ஐ.யு. வழக்கில் விடை சொன்னது. ஆனால் நீதிமன்ற வழக்குக்கும் அரசு அலுவலகக் கடிதத்துக்கும் வேறுபாடு பார்க்கும் மாநிலங்கள் உண்டு. சுற்றுச்சூழல் துறையின் கடிதம் வழக்குக்குச் சமம் என்று மிச்சிகன் 1994இல் ஏற்றது. 1998இல் ஃபாஸ்டர்–கார்ட்னர் வழக்கில் கலிபோர்னியா மறுத்தது. ஆகவே கலிபோர்னியாவில் இன்றைய உரிமையாளர் முன்னாள் குத்தகைதாரர்மேல் முறைப்படி வழக்குப் போடும்போதுதான் அந்தக் குத்தகைதாரரின் பழைய பாலிசி விழித்துக்கொள்கிறது. சொந்தச் சொத்துக்கு ஏற்பட்ட சேதம் காப்பில் வராது என்ற ஷரத்தும் பாலிசியில் இருக்கும். நிலத்தடி நீர் உங்கள் சொத்து அல்ல என்பதே இதற்குப் பதில். நீர் கெட்டிருப்பதையும் பக்கத்து மனையை நோக்கி அது நகர்வதையும் பொறியாளர் அறிக்கை தெளிவாகக் காட்ட வேண்டும். மண்ணை மட்டும் சோதித்துவிட்டு நிறுத்திக்கொள்ளும் அறிக்கை கோரிக்கையைப் பலவீனப்படுத்தும்.

தொகை எவ்வளவு என்பது பங்கீட்டு விதியைப் பொறுத்தது. ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். சேதம் 20 ஆண்டுகள் நடந்தது, சுத்திகரிப்புக்கு 10 லட்சம் டாலர் ஆகிறது, அதில் 8 ஆண்டுகளுக்கு மட்டும் பாலிசி கிடைத்தது என்று வைத்துக்கொள்வோம். ஆண்டுவாரியாகப் பிரிக்கும் முறையில் ஆண்டுக்கு 50,000 டாலர். 8 ஆண்டுகளுக்கு 4 லட்சம். மீதி உங்கள் தலையில். 1994இல் ஓவன்ஸ்–இலினாய் வழக்கில் நியூஜெர்சி இப்படிப் பிரிக்கும் வழியைத்தான் எடுத்தது. ஒவ்வோர் ஆண்டின் பாலிசி வரம்பையும் அது கணக்கில் சேர்த்துக்கொண்டது. முழுத்தொகை முறையில் எந்த ஒரு பாலிசியும் தன் வரம்பு வரை முழுச் செலவுக்கும் பொறுப்பு. அந்தக் காப்பீட்டாளர் மற்ற ஆண்டுகளின் காப்பீட்டாளர்களிடம் பங்கு கேட்டுக்கொள்ளட்டும். ஒஹையோ 2002இல் குட்இயர் வழக்கில் இதை ஏற்றது. கலிபோர்னியா 2012இல் இன்னும் ஓர் அடி மேலே போய், பல ஆண்டுகளின் வரம்புகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக் கேட்கவும் அனுமதித்தது. அந்த வழக்கின் பாலிசிதாரர் கலிபோர்னியா மாநில அரசே. ரிவர்சைடு கவுண்டியில் 1956 முதல் 1972 வரை இயங்கிய ஸ்டிரிங்ஃபெல்லோ அமிலக் குழிகளுக்கு இடத்தைத் தேர்ந்தெடுத்தது மாநிலம். பின்னாளில் மாசுக்குப் பொறுப்பும் அதன்மேல் வந்தது. செலவு 70 கோடி டாலரை எட்டலாம் என்ற நிலையில் அது தன் 1960, 70களின் பாலிசிகளை எடுத்து நீட்டியது. ஓர் அரசாங்கம் கூச்சமில்லாமல் கேட்டதைச் சிறு கடைக்காரர் கேட்கத் தயங்க வேண்டியதில்லை.

பாலிசி என் பெயரில் இல்லையே?

இன்றைய உரிமையாளர் 1995இல் சொத்தை வாங்கியவர். பாலிசி எடுத்தவர் 1974இல் கடை நடத்தியவர் என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் சொத்தை வாங்கியவருக்குப் பாலிசி தானாக வந்துவிடாது. ஆனால் அவருக்குச் சூப்பர்ஃபண்ட் சட்டத்தின் கீழ் முன்னாள் கடைக்காரரிடம் பங்கு கேட்கும் உரிமை உண்டு. கடைக்காரருக்கோ தன்னைக் காக்கும்படி காப்பீட்டாளரைக் கேட்கும் உரிமை உண்டு. இரண்டையும் இணைத்தால் பணம் சுத்திகரிப்புக்கு வந்து சேரும். கடை நடத்திய கம்பெனி கலைந்துபோயிருந்தாலும், கலிபோர்னியா நிறுவனச் சட்டம் அதன் காப்பீட்டையும் மிஞ்சிய சொத்தாகவே கருதி அந்த அளவுக்கு வழக்குப் போட அனுமதிக்கிறது. வழக்கு என்றதும் முதிய கடைக்காரர் பயந்துபோவார். கேட்பது அவர் வீட்டையோ சேமிப்பையோ அல்ல, அவர் ஏற்கெனவே பிரீமியம் கட்டி வாங்கிய காப்பை என்று முதலிலேயே உட்கார்ந்து பேசி விளக்க வேண்டியது உங்கள் கடமை. அவர் ஒத்துழைத்தால் பழைய காகிதங்களும் அவரிடமிருந்தே கிடைக்கும்.

வக்கீல் செலவிலேயே எல்லாம் போய்விடாதா?

இந்த வழிக்கு எதிரான மிக வலுவான ஆட்சேபம் இதுதான். ராண்ட் ஆய்வு நிறுவனம் 1992இல் வெளியிட்ட ஆய்வின்படி, சூப்பர்ஃபண்ட் கோரிக்கைகளுக்காகக் காப்பீட்டாளர்கள் அந்த ஆண்டுகளில் செலவழித்ததில் 88 சதவீதம் வழக்குக்கும் அது சார்ந்த செலவுக்கும் போனது; மண்ணைச் சுத்தம் செய்யப் போனது மிகக் கொஞ்சம். கலிபோர்னியாவின் லோடி நகரம் இதற்கு இன்னொரு பாடம். அங்கே நிலத்தடி நீரில் பெர்க்கும் அதன் இனத்தைச் சேர்ந்த ரசாயனங்களும் 1989இல் தெரியவந்தன. நகராட்சி 1997இல் தனக்கென்று ஒரு நகராட்சிச் சட்டமே இயற்றி, மாசு செய்தவர்களின் காப்பீட்டாளர்களை நேரடியாகப் பிடிக்க முயன்றது. காப்பீட்டாளர்கள் எதிர்த்து வழக்குப் போட்டார்கள். கூட்டாட்சி மேல்முறையீட்டு நீதிமன்றம் 2002இல் அந்தச் சட்டத்தின் ஒரு பகுதியை ஏற்று ஒரு பகுதியைத் தள்ளியது. சாக்கடைக் குழாய்களின் உரிமையாளர் என்ற வகையில் நகராட்சியும் பொறுப்பாளியாக இருந்தால், தன் பங்கைப் பிறர்மேல் தள்ள முடியாது என்றது. கடன் வாங்கி நடத்திய அந்தப் போரில் பணம் கரைந்த பின், 2004இல் நகராட்சி வக்கீலை மாற்றி, சமரசங்களுக்கு இறங்கி வந்தது.

இந்தச் சான்றுகள் வழியையே தவறென்று நிரூபிக்கவில்லை. அதை நடக்கும் முறையைத்தான் எச்சரிக்கின்றன. ராண்ட் ஆய்வு செய்த காலத்தில் அடிப்படைக் கேள்விகள் பலவற்றுக்கு மாநில உச்ச நீதிமன்றங்கள் விடை சொல்லி முடித்திருக்கவில்லை. ஒவ்வொரு காற்புள்ளிக்கும் வழக்கு நடந்தது. மேலே சொன்ன தீர்ப்புகளில் பெரும்பாலானவை அதற்குப் பிறகு வந்தவை. இன்று ஒரு மாநிலத்தில் எந்தக் கோரிக்கை நிற்கும், எது நிற்காது என்பது இரு தரப்புக்கும் பெரும்பாலும் தெரியும். தெரிந்த இடத்தில் பேசித் தீர்ப்பது இருவருக்கும் லாபம். லோடி கற்பித்தது, காப்பீட்டாளரையும் பழைய கடைக்காரரையும் ஒரே எதிரணியில் நிறுத்திப் போர் தொடுக்காதீர்கள் என்பதே. பாலிசிச் சான்று, பொறியாளரின் செலவு மதிப்பீடு, மாநிலச் சட்ட நிலை ஆகிய மூன்றையும் ஒரே கோப்பில் வைத்து மேசையில் வைத்தால், பேச்சுவார்த்தை அங்கிருந்து தொடங்கும்.

உரிமையைக் கெடுக்கும் மூன்று தவறுகளையும் இங்கே சொல்லிவிட வேண்டும். ஒன்று, தாமதமான அறிவிப்பு. தாமதத்தால் பாதிப்பு ஏற்பட்டதைக் காப்பீட்டாளர் நிரூபிக்க வேண்டும் என்று பல மாநிலங்கள் சொன்னாலும், நியூயார்க்கின் பழைய பாலிசிகளுக்கு அந்தச் சலுகை இல்லை. தாமதமே போதும், காப்பு போய்விடும். பாலிசியின் முழு விவரம் கைக்கு வரும்வரை காத்திருக்காமல், பெயர் தெரிந்த ஒவ்வொரு காப்பீட்டாளருக்கும் பதிவுத் தபாலில் அறிவிப்பு அனுப்புங்கள். இரண்டு, காப்பீட்டாளரின் சம்மதமில்லாமல் செலவு செய்வது. அறிவிப்புக்கு முன் கைக்காசில் செய்த செலவைத் திருப்பித் தர மறுக்கப் பாலிசியிலேயே ஷரத்து இருக்கிறது. மண்ணைத் தோண்டுமுன் பாலிசியைத் தேடச் சொல்வதற்கு இதுவே நேரடியான சட்டக் காரணம். மூன்று, அவசரமாகப் பாலிசியை விற்றுவிடுவது. ஒரு தொகையைக் கொடுத்து, அந்த இடம் குறித்த எல்லாப் பொறுப்பிலிருந்தும் விடுவிக்கும்படி காப்பீட்டாளர் கேட்பார். மாசின் எல்லை தெரிவதற்கு முன் கையெழுத்துப் போட்டால், பின்னாளில் பக்கத்து வீட்டுக் கிணற்றுக்கு வரும் செலவு முழுவதும் உங்களுடையதாகிவிடும்.

இந்த அத்தியாயத்தை மூடியதும் செய்ய வேண்டியது இவ்வளவுதான்: சொத்தின் பெயர் மாற்ற வரலாற்றை எடுத்து, 1986க்கு முன் அங்கே தொழில் செய்த ஒவ்வொருவர் பெயரையும் ஒரு தாளில் எழுதுங்கள். ஒவ்வொரு பெயருக்கும் எதிரே, அவரிடம் காப்பீட்டுச் சான்றிதழ் கேட்டிருக்கக்கூடிய வளாகச் சொந்தக்காரர், வங்கி, நகராட்சி, வாடிக்கையாளர் யார் யார் என்று குறியுங்கள். அந்தத் தாளோடு வக்கீலிடம் போங்கள். கிடைக்கும் தொகையில் ஒரு டாலரையும் வேறு பக்கம் திருப்பாமல் நீரைச் சுத்தம் செய்யவே செலவிடுங்கள். அந்தக் காப்பு வாங்கப்பட்டதும் பிறருக்கு நேர்ந்த சேதத்தை ஈடுசெய்யத்தான்.